கேப்டன் யார், சார்ஜென்ட் யார்? ஆர்தர் லோ வழியாக பிரிட்டிஷ் குணச்சித்திர நடிப்பு

1968இல் பிபிசி ஒரு நகைச்சுவைத் தொடருக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தது. கதை நடப்பது 1940இல். ஜெர்மானியப் படை எந்த நாளும் கடல் தாண்டி வந்துவிடும் என்று இங்கிலாந்து பயந்திருந்த காலம். ராணுவத்தில் சேர்க்க முடியாத முதியவர்களையும் விடலைப் பையன்களையும் திரட்டி ஊருக்கு ஊர் ஒரு காவல் படை அமைத்தார்கள். அப்படி ஒரு கடலோர ஊரின் படைதான் கதை. அதற்கு ஒரு கேப்டன் வேண்டும், ஒரு சார்ஜென்ட் வேண்டும். இரண்டு நடிகர்கள் கிடைத்தார்கள். ஒருவர் குள்ளம், உருண்டை உடம்பு, வழுக்கை, வட்டக் கண்ணாடி, யாரையோ கண்டிக்கப் போகிற முகம். இன்னொருவர் ஒடிசலான உயரம். மேட்டுக்குடி உச்சரிப்பு, ‘இதற்கெல்லாம் இவ்வளவு அவசரமா’ என்று கேட்கிற கண்கள். இருவரில் யார் கேப்டன்?

அன்றைய பிரிட்டனில் யாரைக் கேட்டிருந்தாலும் உயரமானவரைத்தான் காட்டியிருப்பார்கள். அதிகாரி என்றால் மேட்டுக்குடி, சார்ஜென்ட் என்றால் கத்துகிற சாதாரண ஆள் என்பது அங்கே ஊறிப்போன கணக்கு. தொடரை எழுதிய ஜிம்மி பெர்ரியும் டேவிட் கிராஃப்டும் அந்தக் கணக்கைத் தலைகீழாக்கினார்கள். குள்ளமான ஆர்தர் லோ கேப்டன் மேனரிங் ஆனார். ஒடிசலான ஜான் லெ மெஷரர் சார்ஜென்ட் வில்சன் ஆனார். ‘டாட்ஸ் ஆர்மி’ என்ற அந்தத் தொடர் 1968 ஜூலை 31 முதல் 1977 நவம்பர் வரை 9 பருவங்களாக, 80 அத்தியாயங்கள் ஓடியது. வேடிக்கை என்னவென்றால், இரண்டாம் உலகப் போரில் லெ மெஷரர் நிஜமாகவே கேப்டன். லோ, சார்ஜென்ட் மேஜராக இருந்து வெளியே வந்தவர்.

குணச்சித்திர நடிப்பு என்ன என்று விளங்கிக்கொள்ள இந்த இடமாற்றமே நல்ல தொடக்கம். முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். துணை நடிகர் என்பதும் குணச்சித்திர நடிகர் என்பதும் ஒன்றல்ல. துணை நடிகர் என்ற சொல், கதையில் ஒருவருக்குக் கிடைத்த இடத்தைச் சொல்கிறது. குணச்சித்திரம் என்ற சொல் அவர் செய்கிற வேலையின் தன்மையைச் சொல்கிறது. மேனரிங்தான் அந்தத் தொடரின் அச்சாணி. பெயர்ப் பட்டியலிலும் லோதான் முதல். ஆனாலும் அவர் செய்தது முழுக்க முழுக்கக் குணச்சித்திர வேலை.

நாயக வேடத்தில் வருபவரைப் பார்த்து, ‘அந்த இடத்தில் நான் இருந்தால்’ என்று பார்வையாளர் நினைத்துக்கொள்வார். அதனால் நாயகனுக்கு அடையாளங்கள் குறைவாகவே தருவார்கள். குணச்சித்திர நடிகருக்கு நேர்மாறு. அவர் ஏற்கும் ஆள் எந்தத் தெருவில் வளர்ந்தான், எந்தப் பள்ளிக்குப் போனான், மாதக் கடைசியில் கையில் எவ்வளவு இருக்கும், யாரைக் கண்டால் குரல் தாழும், யாரைக் கண்டால் உயரும் என்பதெல்லாம் அவர் கதவைத் திறந்து உள்ளே வருவதற்குள் பார்வையாளருக்குத் தெரிந்துவிட வேண்டும். வசனத்தில் இவை எதுவும் இருக்காது. தொப்பி அணிந்த கோணமும், நாற்காலியில் உட்காரும் விதமும், உயிரெழுத்துகளை உச்சரிக்கும் முறையும்தான் சொல்ல வேண்டும். பிரிட்டனில் ஒருவர் வாயைத் திறந்ததும் அவர் வர்க்கம் தெரிந்துவிடும் என்பதால், அங்கே இந்தக் கலைக்கு நுணுக்கம் அதிகம்.

மேனரிங் என்ற பெயரே ஓர் எடுத்துக்காட்டு. எழுத்தில் அது ‘மெயின்வேரிங்’ என்பதுபோல நீண்டு கிடக்கும்; வாயில் மேனரிங். பழைய குடும்பப் பெயர்களை எழுதியபடியே உச்சரித்துவிட்டால் ‘இவன் நம்மவன் இல்லை’ என்று கண்டுகொள்கிற சமூகம் அது. மேனரிங் ஒரு வங்கிக் கிளையின் மேலாளர். பெயரில் மட்டும்தான் பெரிய இடம். ‘கிராமர் ஸ்கூல்’ எனப்படும், படிப்பில் தேறியவர்களைச் சேர்க்கும் பள்ளியில் படித்து, ஒவ்வொரு படியாக ஏறி வந்தவர். அவருக்குக் கீழே தலைமை எழுத்தராக இருக்கும் வில்சன் ‘பப்ளிக் ஸ்கூல்’ மாணவர். பெயர் அப்படி இருந்தாலும் பிரிட்டனில் அது பணக்கார வீட்டுப் பிள்ளைகள் கட்டணம் கட்டிப் படிக்கிற தனியார் பள்ளி. ஆக, பதவியில் மேலே இருப்பவர் பிறப்பில் கீழே. பிறப்பில் மேலே இருப்பவர் பதவியில் கீழே. ஒன்பது ஆண்டுகள் இந்த ஒரே நெருடலில் ஓடின. வில்சன் மரியாதையாக ‘அது அவ்வளவு புத்திசாலித்தனம் என்று நினைக்கிறீர்களா, சார்?’ என்று கேட்கும்போதெல்லாம் மேனரிங்கின் கழுத்து சற்று விறைக்கும். வசனம் வில்சனுடையது, சிரிப்பு அந்தக் கழுத்துக்கு.

இந்தக் கழுத்து விறைப்பு லோவுக்கு எங்கிருந்து வந்தது? அவர் பிறந்தது 1915 செப்டம்பர் 22, டார்பிஷரில் ஹேஃபீல்டு என்ற ஊரில். வளர்ந்தது மான்செஸ்டரின் லெவன்ஷுல்ம் பகுதியில். அப்பா ரயில்வே ஊழியர். ஊர் ஊராகப் போகும் நாடகக் குழுக்களைச் சிறப்பு ரயில்களில் ஏற்றி அனுப்புவது அவர் வேலையில் ஒன்று. மகனுக்குக் கப்பலில் சேர ஆசை. கண்பார்வை இடம் கொடுக்கவில்லை. விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். போரின்போது மத்திய கிழக்கில் படைவீரர்களுக்காகப் போட்ட நாடகங்களில்தான் நடிப்பு ஒட்டிக்கொண்டது. நடிப்புப் பள்ளி வாசலை மிதித்ததே இல்லை. 1945இல் மான்செஸ்டர் ரெபர்டரி குழுவில் சேர்ந்தபோது அவருக்கு 30 வயது நெருங்கிவிட்டது. சம்பளம் வாரம் 5 பவுண்டு, இரவுக்கு இரண்டு ஆட்டம்.

‘ரெப்’ என்று நடிகர்கள் சுருக்கிச் சொல்லும் இந்த ரெபர்டரி முறை தெரியாமல் அந்தத் தலைமுறை நடிகர்கள் யாரையும் புரிந்துகொள்ள முடியாது. வாரம் ஒரு புது நாடகம். திங்கள் மாலை முதல் ஆட்டம். செவ்வாய் காலையே அடுத்த வார நாடகத்தின் முதல் அங்கத்துக்கு யார் எங்கே நிற்பது, எப்போது நகர்வது என்று குறிப்பார்கள். புதன் இரண்டாம் அங்கம், வியாழன் மூன்றாம் அங்கம். வெள்ளியன்று ஏட்டைக் கீழே வைத்துவிட்டு ஓட்டிப் பார்க்க வேண்டும். ஞாயிறு பழைய செட்டைப் பிரித்துப் புதியதை எழுப்புவார்கள். திங்கள் பகலில் உடையலங்காரத்தோடு முழு ஒத்திகை. மாலையில் திரை விலகிவிடும். இதற்கிடையே எல்லா இரவுகளிலும் நடப்பு வார நாடகம் ஓடிக்கொண்டே இருக்கும். ஆண்டுக்கு 40 வேடங்கள் கைவழியாகப் போகும். கோட்டு சூட்டு, விருந்துக்கான கறுப்பு உடுப்பு, நாட்டுப்புறக் காட்சிக்கு ஒரு கம்பளி ஜாக்கெட் ஆகியவற்றை நடிகரே சொந்தமாக வைத்திருக்க வேண்டும். சரித்திர நாடகம் என்றால் மட்டும் குழு உடை தரும்.

இந்த அவசரத்தில் கற்றுக்கொள்ளும் வித்தையும் உண்டு, கெட்டுப்போகும் வழியும் உண்டு. வித்தை, ஒரு மனிதனை இரண்டு நாளில் கட்டி எழுப்புவது. செருப்பிலிருந்து தொடங்குகிறவர்கள் உண்டு. இவன் எப்படிப்பட்ட காலணி போடுவான் என்று தெரிந்துவிட்டால் நடை வந்துவிடும், நடை வந்தால் குரல் வந்துவிடும். கெடுகிற வழி, பெட்டியில் தயாராக இருக்கும் தந்திரங்களைத் திரும்பத் திரும்ப எடுப்பது: கிழவர் என்றால் நடுங்கும் கை, குடிகாரர் என்றால் தள்ளாட்டம், மருத்துவர் என்றால் ஒரு கனைப்பு. இப்படிப் பழகிய ரெப் நடிகர்களுக்குத் தொலைக்காட்சி ஒத்துவரவில்லை. அந்த நடுங்கும் கை 20ஆவது வரிசைக்கு அளவாக இருக்கும். மூன்றடி தூரத்தில் நிற்கும் கேமராவுக்கு அது பொய் என்று உடனே தெரியும். ஒப்பனையிலும் இதே சிக்கல். மேடையில் ஆண்கள் லைஷ்னர் என்ற ஒப்பனைக் குச்சியில் 5ஆம் எண்ணையும் 9ஆம் எண்ணையும் கலந்து முகத்துக்குப் பூசி, சுருக்கங்களைக் கோடாக வரைவார்கள். நெருங்கிய ஷாட்டில் அந்தக் கோடு கோடாகவே தெரியும்.

லோவின் ஆரம்பகாலச் சினிமா வேடங்கள் பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடுபவை. 1949இல் வந்த ‘கைண்ட் ஹார்ட்ஸ் அண்ட் கோரனெட்ஸ்’ படத்தின் கடைசிக் காட்சியில் அவர் ஒரு பத்திரிகைக்காரர். தூக்கிலிருந்து தப்பி, சிறைவாசலில் வந்து நிற்கிற நாயகனிடம், உங்கள் நினைவுக்குறிப்புகளை எங்கள் பத்திரிகைக்குத் தருவீர்களா என்று கேட்கிறார். அந்தக் கேள்வியில்தான் கதை கவிழ்கிறது. சின்ன வேடம் செய்ய வருகிறவர்கள் இந்த அரை நிமிடத்தைப் பத்துத் தடவை பார்க்கலாம். கேட்பவர் பணிவாக இருக்க வேண்டும், கொஞ்சம் வியாபாரியாகவும் இருக்க வேண்டும், அதற்குமேல் எதுவும் கூடாது. ‘எனக்குக் கிடைத்த ஒரே வாய்ப்பு’ என்று அவர் ஏதாவது வேடிக்கை செய்திருந்தால் பார்வையாளரின் கண் நாயகன் முகத்தை விட்டு விலகியிருக்கும். படத்தின் முடிவே பாழ். தன்மேல் கண் படாமல் பார்த்துக்கொள்வதும் இந்தத் தொழிலில் ஒரு திறமை. சொல்லிக்கொடுக்கக் கடினமானதும் அதுதான்.

அடுத்த பத்தாண்டும் இப்படியே போயிற்று: இசை நாடகங்களில் சிறு வேடம், படத்தில் ஒரு காவலர், ஒரு எழுத்தர். பெயர் நிலைத்தது தொலைக்காட்சியில். 1960 டிசம்பர் 9 அன்று மான்செஸ்டரின் கிரனடா நிறுவனம் ‘கோரனேஷன் ஸ்ட்ரீட்’ தொடரைத் தொடங்கியது. லோவுக்கு லெனர்ட் ஸ்விண்ட்லி என்ற துணிக்கடை மேலாளர் வேடம். கடையில் அதிகாரம் செய்வார், தேவாலயச் சபையில் பிரசங்கம் செய்வார். ஆனால் கல்யாண நாளன்று மணப்பெண் மனம் மாறிவிடுவாள். தொடக்கத்தில் அந்தத் தொடரின் வெள்ளிக்கிழமை அத்தியாயம் நேரடி ஒளிபரப்பு. அது முடிந்த கையோடு திங்கள் அத்தியாயத்தைப் பதிவு செய்வார்கள். வசனம் மறந்தால் நிறுத்தித் திருத்த வழியில்லை. ரெப்பில் அடிபட்டவர்களைத் தேடித்தேடி எடுத்ததன் காரணம் இதுதான். ஸ்விண்ட்லி அவ்வளவு பிடித்துப்போய், 1965இல் அந்தப் பாத்திரத்துக்கென்றே ‘பார்டன் தி எக்ஸ்பிரஷன்’ என்ற தனித் தொடர் பிறந்தது.

இதனாலேயே ‘டாட்ஸ் ஆர்மி’க்கு அவர் பெயர் வந்தபோது பிபிசிக்கு ஆர்வம் இருக்கவில்லை. அவர் போட்டி நிறுவனமான ஐடிவியின் முகம். மேனரிங் வேடத்தை முதலில் தோர்லி வால்டர்ஸ் என்ற நடிகரிடம்தான் கேட்டார்கள். அவர் வேண்டாம் என்றார். அதன் பிறகே லோ. ஒரு நடிகரின் வாழ்நாள் வேடம் இன்னொருவர் தட்டிக்கழித்ததாக இருப்பது இந்தத் தொழிலில் சகஜம்.

அந்தக்காலப் பிரிட்டிஷ் நகைச்சுவைத் தொடரின் ஓர் அரைமணி அத்தியாயம் எப்படி உருவானது என்று பார்த்தால் நடிகரின் வேலை தெளிவாகும். வெளிப்புறக் காட்சிகளை முதலிலேயே ஃபிலிமில் எடுத்துவிடுவார்கள். ‘டாட்ஸ் ஆர்மி’க்கு நார்ஃபக்கில் தெட்ஃபர்டு ஊரும், அருகிலிருந்த ராணுவப் பயிற்சி நிலமும். பிறகு வாரம் ஓர் அத்தியாயம். முதல் நாள் எல்லோரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து வாசிப்பார்கள். அடுத்த நாட்களில் ஏதாவது ஒரு சர்ச் மண்டபத்தில் ஒத்திகை. 1970க்குப் பிறகு பிபிசிக்கு வடக்கு ஆக்டனில் தனிக் கட்டடமே வந்தது. தரையில் வண்ண வண்ண ஒட்டு நாடாவால் சுவர்களைக் குறித்திருப்பார்கள். கதவு இருக்கும் இடத்தில் இரண்டு கம்பம். நாடாவை மிதித்தால் சுவருக்குள் நடந்துவிட்டதாக அர்த்தம். கடைசி ஒத்திகைக்கு ஒளி, ஒலி, கேமராப் பொறுப்பாளர்கள் வந்து பார்ப்பார்கள்.

பதிவு நாளன்று காலையிலிருந்து கேமரா ஒத்திகை. எந்த வரிக்கு எந்தக் கேமரா என்று எல்லாம் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கும். நடிகர் அரை அடி தள்ளி நின்றால் ஒலிவாங்கியின் நிழல் முகத்தில் விழும், அல்லது எதிரே இருப்பவரின் முகம் மறையும். இரவு எட்டு மணி வாக்கில் பார்வையாளர்கள் வந்து அமர்வார்கள். வெளிப்புறக் காட்சிகளை அவர்களுக்குத் திரையில் போட்டுக் காட்டி அந்தச் சிரிப்பையும் பதிவு செய்வார்கள். பத்து மணிக்கு ஸ்டூடியோ விளக்கு அணைந்துவிடும். தாண்டினால் தொழிலாளர்களுக்குக் கூடுதல் ஊதியம், தயாரிப்பாளருக்குத் தலைவலி. இரண்டங்குல வீடியோ நாடாவை வெட்டி ஒட்டுவது அப்போது சிரமமும் செலவும் என்பதால், முடிந்தவரை கதை வரிசையிலேயே, இடைவெளி குறைவாக நடித்து முடிக்க வேண்டும். நாடகம் போலவே, ஆனால் நான்கு கேமராவுக்கு.

சிரிப்புக்குக் காத்திருப்பதுதான் இதில் மிகப் பெரிய சூட்சுமம். சிரிப்பு எழும்போது அடுத்த வரியைச் சொன்னால் வரி காதில் விழாது. அடுத்த தடவை வரியைத் தவறவிடக் கூடாதே என்று பார்வையாளர்கள் சிரிப்பையே அடக்கிக்கொள்வார்கள். முழுக்க அடங்கும்வரை நின்றால் காட்சி செத்துப்போகும். சிரிப்பு உச்சத்துக்கு ஏறி, இறங்கத் தொடங்கும் கணத்தில் பேச வேண்டும். அதுவரை முகம் சும்மா இருக்கக் கூடாது. பாத்திரத்துக்கு ஏதாவது வேலை இருக்க வேண்டும். லோ அங்கேதான் கெட்டிக்காரர். கண்ணாடியைச் சரி செய்வார், உதட்டைத் திறந்து மூடுவார், வில்சன் பக்கம் பாதி திரும்பி, மனத்தை மாற்றிக்கொண்டு நேராக நிற்பார். அந்த இடைவெளியில் இன்னொரு சிரிப்பு வந்துவிடும். வசனத்தை வீட்டில் உட்கார்ந்து மனப்பாடம் செய்யும் வழக்கம் அவருக்கு இல்லை என்பது தொடரின் எழுத்தாளர்களுக்கு இருந்த மனக்குறை. அடுத்த வரியைத் தேடுகிற அந்தத் தயக்கமும் சில சமயம் மேனரிங்கின் தயக்கமாகவே அமைந்துவிட்டது. இதைப் பின்பற்றத் தக்க முறை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

1973 அக்டோபர் 31 அன்று ஒளிபரப்பான ‘தி டெட்லி அட்டாச்மென்ட்’ அத்தியாயத்தில் ஒரு காட்சி. பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் கேப்டன் ஒருவரை மேனரிங்கின் படை காவல் காக்கிறது. போரில் வென்ற பிறகு பழிவாங்க வேண்டியவர்களின் பெயர்களை அவர் ஒரு பட்டியலில் குறித்துக்கொள்கிறார். படையின் இளையவனான பைக், ஹிட்லரைக் கிண்டல் செய்து பாடுகிறான். ‘உன் பெயரும் பட்டியலில் ஏறும், பெயர் என்ன?’ என்று அவர் கேட்க, மேனரிங் குறுக்கிட்டு, ‘சொல்லாதே, பைக்!’ என்கிறார். பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் அதிகம் நினைவுகூரப்படும் வரிகளில் இது ஒன்று. காகிதத்தில் படித்தால் பழைய கால ஜோக். திரையில் அது வேலை செய்வதற்குக் காரணம், லோ அதை ஜோக்காகச் சொல்லவில்லை என்பதுதான். தன் பையனைக் காப்பாற்றத் துடிக்கும் ஒரு தளபதியின் அவசரம் அந்தக் குரலில் இருக்கிறது. மேனரிங் மிகப் பொறுப்பாக நடந்துகொள்ளும் கணமும் மிக முட்டாளாக நடந்துகொள்ளும் கணமும் ஒன்றாகிவிடுகின்றன. கண்ணோரத்தில் ஒரு துளி குறும்பு தெரிந்திருந்தாலும் அது வெறும் ஜோக்காகச் சுருங்கியிருக்கும். எதிரே நின்ற ஃபிலிப் மேடக் என்ற வேல்ஸ் நடிகரும் தேர்ந்த குணச்சித்திரக்காரர். அவர் உண்மையாகவே பயமுறுத்தியதால்தான் இவருக்கு வேலை எளிதானது.

அதே அத்தியாயத்தில் இன்னொரு செய்தி உண்டு. கையெறிகுண்டு ஒன்றைக் கேப்டனின் கால்சட்டைக்குள் போடுவதாகத்தான் முதலில் எழுதியிருந்தார்கள். லோ மறுத்துவிட்டார். கால்சட்டை சம்பந்தப்பட்ட வேடிக்கை எதுவும் தனக்கு வேண்டாம் என்பதில் அவர் பிடிவாதம் ஊரறிந்தது. குண்டு லான்ஸ் கார்ப்பரல் ஜோன்ஸின் கால்சட்டைக்குப் போயிற்று. இதை நடிகரின் வீம்பு என்று சொல்வார்கள். கொஞ்சம் வீம்பும்தான். ஆனால் மேனரிங்கின் உடுப்பு கலையாமல் இருக்கும்வரைதான் அவர் கௌரவம் கலைவது வேடிக்கை. ஏதாவது ரகளை நடந்தபின் தொப்பியும் கண்ணாடியும் கோணலாவது போதும். பாத்திரத்தின் எல்லை எது என்று அதை எழுதியவர்களைவிட நடிப்பவருக்குத் தெளிவாகத் தெரிகிற தருணங்கள் உண்டு.

குணச்சித்திர நடிப்புக்கு ஒரே வழிதான் என்று நினைத்துவிடக் கூடாது; அந்தத் தொடரிலேயே வேறு இரண்டு வழிகளும் இருந்தன. ஜோன்ஸாக வந்த கிளைவ் டன் 1920இல் பிறந்தவர். எழுபதைத் தாண்டிய கிழவராக அவர் நடிக்கத் தொடங்கியபோது வயது 48. நரைத்த தலை, நடுங்கும் உடம்பு, குழறும் குரல் என்று முழு வேடம். இதில் நடைமுறை லாபம் ஒன்று உண்டு: விழுவது, உருளுவது, ஏணியில் தொங்குவது எல்லாவற்றையும் அவர் தலையில் கட்டலாம். உண்மையான முதியவர்கள் அந்தக் குழுவில் இருந்தார்கள். காட்ஃப்ரியாக வந்த ஆர்னல்ட் ரிட்லி 1896இல் பிறந்தவர், முதல் உலகப் போரில் சோம் களத்தில் காயம்பட்டவர்; அவரை ஓட வைக்க முடியாது.

லெ மெஷரர் நேர் எதிர். வேடமே போட மாட்டார். 1912இல் பெட்ஃபர்டில் பிறந்து, ஷெர்போர்ன் என்ற பழம்பெரும் பள்ளியில் படித்து, வழக்கறிஞர் அலுவலகத்தில் பயிற்சி எழுத்தராக இருந்து, அது பிடிக்காமல் நாடகப் பள்ளிக்குப் போனவர். நூற்றுக்கும் மேற்பட்ட படங்களில் நீதிபதியாக, மருத்துவராக, ராணுவ அதிகாரியாக, அதே முகம், அதே குரல், அதே லேசான களைப்போடு வந்து போனார். எல்லாரும் ஒன்றுபோல் இருக்கிறார்களே என்றால், ஆம், இருக்கிறார்கள். அப்படி ஒரு வகை மனிதர் வேண்டும்போது அவரைத்தான் கூப்பிட்டார்கள். அந்தக் களைப்புக்குள் எவ்வளவு ஆழம் இருந்தது என்பது 1971இல் நாடகாசிரியர் டென்னிஸ் பாட்டரின் ‘டிரெய்ட்டர்’ என்ற தொலைக்காட்சி நாடகத்தில் தெரிந்தது. மாஸ்கோவில் தஞ்சம் புகுந்த ஆங்கிலேய உளவாளி வேடம். அதற்கு அவருக்குச் சிறந்த தொலைக்காட்சி நடிகருக்கான பாஃப்டா என்ற பிரிட்டிஷ் திரை, தொலைக்காட்சி விருது கிடைத்தது.

இனிக் காசு. தொழிலில் இருக்க முதலில் ஈக்விட்டி என்ற நடிகர் சங்கத்தின் அட்டை வேண்டும். 1930இல் தொடங்கிய இந்தச் சங்கம், 1980களின் கடைசியில் சட்டம் மாறும்வரை, அட்டை இல்லாதவருக்கு வேலையே கிடைக்காத அளவுக்குப் பலமாக இருந்தது. வேலை இருந்தால்தான் அட்டை, அட்டை இருந்தால்தான் வேலை என்ற முட்டுச்சந்தில் எத்தனையோ பேர் நின்றார்கள். அடுத்தது ‘ஸ்பாட்லைட்’ என்ற விவரத் திரட்டு. 1927 முதல் வருகிறது. ஒரு புகைப்படம், உயரம், முகவர் பெயர். ஆள் தேடுகிறவர்கள் அன்று பக்கத்தைப் புரட்டி முகத்தைப் பார்த்துக் கூப்பிடுவார்கள். அழகாகத் தெரிகிற படத்தைக் கொடுப்பது புதியவர்கள் செய்யும் தவறு. அழகானவர்களின் பக்கங்கள் ஏற்கெனவே நிரம்பி வழியும். வங்கி மேலாளர் தேடுகிறவருக்கு வங்கி மேலாளர் போலத் தெரிகிற முகம்தான் வேண்டும்.

ஒரு நாள் வேடத்துக்கு ஒரு நாள் கூலி. முகவருக்கு அதில் வழக்கமாகப் பத்தில் ஒரு பங்கு. நிலைத்த வருமானம் மறு ஒளிபரப்பில் இருந்தது: ஒவ்வொரு தடவைக்கும் முதல் சம்பளத்தில் குறிப்பிட்ட விழுக்காடு. ஆனால் பழைய நிகழ்ச்சிகளே ஓடிக்கொண்டிருந்தால் புதிய வேலை குறையும் என்று மறு ஒளிபரப்பு எண்ணிக்கைக்குச் சங்கம் வரம்பும் வைத்திருந்தது. மறுபடி போட முடியாத நாடாவை வைத்திருந்து என்ன பயன்? விலை உயர்ந்த அந்த இரண்டங்குல நாடாவை அழித்து வேறு நிகழ்ச்சிக்குப் பயன்படுத்தினார்கள். வண்ணம் வந்த பிறகு கறுப்பு வெள்ளையை வாங்க ஆளும் இல்லை. ‘டாட்ஸ் ஆர்மி’யின் இரண்டாம் பருவத்தில் ஐந்து அத்தியாயங்கள் இப்படித் தொலைந்தன, 2001இல் இரண்டு திரும்பக் கிடைத்தன, மூன்று இன்னும் இல்லை. இவ்வளவு புகழ்பெற்ற தொடருக்கே இந்தக் கதி என்றால், ஒரே ஒரு நல்ல காட்சியில் நடித்த பெயர் தெரியாத நூற்றுக்கணக்கானவர்களின் வேலை எங்கே போயிருக்கும் என்று ஊகிக்கலாம்.

ஒரு பாத்திரம் ஒட்டிக்கொண்டால் அது பல வழிகளில் சோறு போடும் என்பதும் உண்மை. மேனரிங் 1971இல் சினிமாவானார், 1974 முதல் 1976 வரை 67 வானொலி அத்தியாயங்களில் பேசினார், 1975இல் மேடையேறினார். குழந்தைகளுக்கான ‘மிஸ்டர் மென்’ கார்ட்டூனில் கதை சொல்லி எல்லாப் பாத்திரங்களுக்கும் குரல் கொடுத்ததும் லோதான். உடம்பு தளர்ந்தாலும் குரலை விற்கலாம்.

ஒட்டிக்கொண்ட பாத்திரம் உதற முடியாததாகவும் ஆகும். முத்திரை குத்துவது என்பார்கள். லோ இதை ஓரளவு சமாளித்தது இயக்குநர் லிண்ட்சே ஆண்டர்சனால். ‘திஸ் ஸ்போர்ட்டிங் லைஃப்’, ‘இஃப்’, ‘ஓ லக்கி மேன்!’, ‘பிரிட்டானியா ஹாஸ்பிட்டல்’ போன்ற படங்கள். ‘ஓ லக்கி மேன்!’ படத்தில் மூன்று வேடங்கள். துணை நடிகருக்கான பாஃப்டா விருது அதற்குத்தான். அதில் ஒன்று, முகத்துக்குக் கறுப்பு பூசி ஏற்ற ஆப்பிரிக்கத் தலைவர் வேடம். விருது பெற்ற படம் என்பதற்காக அதைச் சகித்துக்கொள்ள வேண்டியதில்லை. இன்று பார்க்கக் கூசுகிறது. 1974இல் நேஷனல் தியேட்டரில், ஜான் கில்குட் ப்ராஸ்பெரோவாக நடித்த ஷேக்ஸ்பியரின் ‘டெம்பெஸ்ட்’ நாடகத்தில் குடிகார ஸ்டெஃபனோவாக வந்தார். அதே ஆண்டு பிபிசியின் ‘டேவிட் காப்பர்ஃபீல்டு’ தொடரில் மிக்காபர். கவனித்தால், கடன்கார மிக்காபரும் தன் கௌரவத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிற மனிதர்தான். லோ முத்திரையிலிருந்து ஓடவில்லை. அதே மனிதனை வேறு வேறு வீடுகளில் குடிவைத்தார்.

1977க்குப் பிறகும் ஓயவில்லை. ‘பிளெஸ் மீ ஃபாதர்’ தொடரில் ஐரிஷ் பாதிரியார், ‘பாட்டர்’ தொடரில் ஓய்வுபெற்றும் அடங்காத தொழிலதிபர். மனைவி ஜோன் கூப்பரும் நடிகை. மான்செஸ்டர் ரெப் நாட்களில் பழக்கம், 1948இல் கல்யாணம். கடைசி ஆண்டுகளில் இருவரும் சேர்ந்து நடிக்கும் நாடகங்களோடு ஊர் ஊராகப் போனார்கள். 1982 ஏப்ரல் 14 அன்று பர்மிங்காமில் பகலில் ஒரு நேரடித் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பேட்டி கொடுத்துவிட்டு, மாலை ஆட்டத்துக்காக அலெக்ஸாண்ட்ரா தியேட்டரின் ஒப்பனை அறையில் இருந்தபோது பக்கவாதத்தில் சரிந்தார். மறுநாள் அதிகாலை மருத்துவமனையில் இறந்தார், வயது 66. இறுதிச் சடங்குக்கு வந்தவர்கள் சிலரே. அதே நாடகத்தோடு பெல்ஃபாஸ்டில் இருந்த ஜோன், ஆட்டத்தை ரத்து செய்ய மனமில்லாமல் மேடையேறினார். அந்த மே மாதம் ‘பிரிட்டானியா ஹாஸ்பிட்டல்’ வெளியானது. கோடையில் பள்ளி ஆசிரியராக அவர் நடித்து முடித்திருந்த ‘ஏ. ஜே. வென்ட்வொர்த்’ தொடர் ஒளிபரப்பானது.

‘டாட்ஸ் ஆர்மி’யைப் புதிதாகப் பார்க்கத் தொடங்குகிறவர்கள் முதல் இரண்டு பருவங்களைத் தாண்டிவிட்டு வண்ண அத்தியாயங்களுக்குப் போகலாம். 1969இல் வந்த மூன்றாம் பருவம் முதல் எல்லாம் வண்ணம், பாத்திரங்களும் அதற்குள் நன்றாகப் படிந்துவிட்டன. ‘தி டெட்லி அட்டாச்மென்ட்’டை ஒரு தடவை ரசித்துப் பாருங்கள். பிறகு ஒலியை அணைத்துவிட்டு, பேசுகிறவரை விட்டு, கேட்டுக்கொண்டிருக்கும் லோவை மட்டும் பாருங்கள். மூன்றாவது தடவை, வில்சன் பேசும்போது மட்டும் லோவின் கழுத்தைப் பாருங்கள்.